பந்து செத்த பிறகு

தவசிலிங்கம் முதன்முதலாக நடுவர் விசிலைக் கழுத்தில் மாட்டியபோது அவருக்கு வயது நாற்பத்தாறு. அதுவரை கூடைப்பந்து ஆடியவர். முழங்கால் கைவிட்ட பிறகும் கோர்ட்டை விட்டுப் போக மனசு வரவில்லை. கூடலூரில் ஓர் அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர் வேலை பார்த்துக்கொண்டே நடுவர் தேர்வு எழுதித் தேறினார்.

எழுதித் தேறுவது வேறு, ஊதித் தேறுவது வேறு என்பது அவருக்கே தெரியும். அதனால்தான், உத்தமபாளையத்தில் கோடைப் போட்டி நடக்கிறது, தலைமை நடுவராக பெனடிக்டா வருகிறார் என்று கேள்விப்பட்டதும் யாரும் கூப்பிடாமலே போய்ப் பெயர் கொடுத்தார்.

பெனடிக்டா தூத்துக்குடிக்காரர். தவசிலிங்கத்தைவிடப் பத்து வயதாவது இளையவர். ஆள் குள்ளம். ஆட்டக்காரர்களுக்கு நடுவில் நின்றால் தலை தெரியாது, விசில் மட்டும்தான் கேட்கும். அந்த விசிலோடு வாதாடி ஜெயித்தவர் கிடையாது.

"உங்ககூட நின்னு கத்துக்கணும் மேடம்," என்றார் தவசிலிங்கம்.

"நில்லுங்க சார்," என்றார் பெனடிக்டா.

அவ்வளவுதான் பேச்சு.

இரண்டாம் நாள் சாயங்காலம் ஒரு பல் போயிற்று.

நாசரேத்திலிருந்து வந்த அணிக்கும் ஒரு கல்லூரி அணிக்கும் ஆட்டம். விசில் ஊதிவிட்டால் பந்து செத்துவிடும். மறுபடி உயிர் வரும்வரை ஆட்டம் கிடையாது. அந்த இடைவெளியில் ஓடி வந்தவர்கள் ஒருவர்மேல் ஒருவர் படுவது சகஜம். கண்டுகொள்ள வேண்டாம் என்றுதான் விதியும் சொல்கிறது. ஆனால் வேண்டுமென்றே பட்டால் டெக்னிக்கல் ஃபவுல் கொடுக்கச் சொல்கிறது. வேண்டுமென்றே என்றால் என்ன என்று மட்டும் விதி சொல்வதில்லை.

அன்றைக்கு விசில் ஊதி ஆட்டம் நின்றிருந்தது. கல்லூரிப் பையன் ஒருவன் நாசரேத்து எபனேசரின் நெஞ்சில் உள்ளங்கையை வைத்து லேசாக அழுத்தினான். தவசிலிங்கம் பார்த்தார். 'பந்துதான் செத்துப்போச்சே' என்று விட்டுவிட்டார். அடுத்த விசிலில் எபனேசர் போகிற போக்கில் இடுப்பால் ஒரு தட்டுத் தட்டினான். அதையும் பார்த்தார். 'சரிக்குச் சரியாப் போச்சு' என்று விட்டுவிட்டார். மூன்றாவது தடவை அவர் பந்தை எடுக்கத் திரும்பியிருந்தார். பின்னால் தேங்காய் உடைத்ததுபோல ஒரு சத்தம்.

திரும்பிப் பார்த்தால் எபனேசர் தரையில் கிடந்தான். வாயெல்லாம் ரத்தம்.

கல்லூரிப் பையனை பெனடிக்டா வெளியே அனுப்பினார். டீக்கடைக்காரர் ஒரு கிளாஸ் பால் கொண்டுவந்து கொடுத்தார். விழுந்த பல்லை அதில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். பல் ஒட்டவில்லை. உதட்டில் தையல் போட்டு அனுப்பினார்கள்.

தவசிலிங்கம் ஆஸ்பத்திரி வாசல்வரை போனார். உள்ளே போகக் கால் வரவில்லை. பல்லைப் பெயர்த்த அந்த முழங்கையை அவர் பார்க்கவில்லை. அது அவரை வருத்தவில்லை. அந்த முதல் உள்ளங்கையைப் பார்த்திருந்தார். அதுதான் உறுத்திக்கொண்டே இருந்தது.

மறுநாள் அவர் எதையும் விடுவதில்லை என்று முடிவு கட்டிக்கொண்டு இறங்கினார்.

விசிலுக்குப் பிறகு தோள் உரசினால் டெக்னிக்கல். ஓடிவந்த வேகத்தில் நிற்க முடியாமல் மோதியவனுக்கு டெக்னிக்கல். கீழே விழுந்தவனின் அக்குளில் கைகொடுத்துத் தூக்கிவிட்டவனுக்கும் ஒரு டெக்னிக்கல். அவன் திகைத்துப்போய், "சார், எந்திரிக்கத்தானே கை குடுத்தேன்?" என்றான். தவசிலிங்கம் அவனைப் பார்க்காமல் மேசைப் பக்கம் திரும்பிச் சைகை காட்டினார்.

இரண்டாம் பாதியில் ஆட்டக்காரர்கள் விசில் சத்தம் கேட்டதும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்கள். காலரி சிரித்தது. ஒரு பயிற்சியாளர் எழுந்து வந்து ரொம்ப மரியாதையாகக் கேட்டார்.

"சார், கையைக் கழட்டி வெச்சுட்டு ஆடச் சொல்லட்டுமா?"

ஆட்டம் முடிந்ததும் போட்டிக் குழுவின் செயலாளர் சுருளிவேல் வந்தார். தவசிலிங்கத்தின் காதில் விழும்படியே பெனடிக்டாவிடம் சொன்னார்:

"மேடம், நேத்து ஊதாமக் கெடுத்தாரு, இன்னைக்கு ஊதிக் கெடுத்தாரு. அவரை ஊருக்கு அனுப்பிச்சுடலாமே."

பெனடிக்டா குழாயடியில் தன் விசிலைக் கழுவிக்கொண்டிருந்தார். உதறினார். ஒருமுறை ஊதிப் பார்த்தார்.

"அவரு போறேன்னு சொன்னாரா?" என்று கேட்டார்.

சுருளிவேல் தவசிலிங்கத்தைப் பார்த்தார்.

"நான் போகல," என்றார் தவசிலிங்கம்.

மறுநாள் காலையில் அவர் பெனடிக்டா தங்கியிருந்த விடுதி வாசலில் நின்றார். குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, தேர்வுக்கு வந்தவர்போல நின்றார்.

"மேடம், எனக்கு ஒரே ஒரு கேள்வி. பந்து செத்த பிறகு ஒருத்தன் மேல ஒருத்தன் பட்டா, எது வரைக்கும் விடலாம்? எதுக்கு மேல ஊதணும்? இவ்வளவு பலம்னு ஒரு கோடு போட்டுச் சொல்லிட்டீங்கன்னா போதும். உயிரைக் குடுத்தாவது அதைக் காப்பாத்திருவேன்."

பெனடிக்டா கைப்பையை எடுத்துக்கொண்டார்.

"வாங்க சார், கம்பம் வரைக்கும் பஸ்ஸுல போயிட்டு வருவோம்."

"கம்பத்துல என்ன வேலை மேடம்?"

"ஒரு வேலையும் இல்ல. உங்க மேல யார் யார் படுறாங்கன்னு மட்டும் பாத்துக்கிட்டு வாங்க."

அது வேலைக்குப் போகிறவர்களும் சந்தைக்குப் போகிறவர்களும் ஏறுகிற நேரம். தனியார் பஸ், பாட்டு அலறியது. படிவரைக்கும் ஆள். திராட்சைப் பெட்டிகள் வேறு. பெனடிக்டா முன்பக்கம் ஏறினார். தவசிலிங்கம் நடுவில் மாட்டிக்கொண்டு, கம்பியைப் பிடித்தபடி கம்பம் போய்ச் சேர்ந்தார்.

இறங்கியதும் பெனடிக்டா ஒரு கரும்புச்சாறு வண்டியருகே நிழலில் நின்றுகொண்டார். இரண்டு கிளாஸ் சொன்னார்.

"சொல்லுங்க சார். யார் யார் பட்டா?"

"சொல்லி முடியுமா மேடம்? பஸ்ஸே என் மேலதான் வந்துச்சு."

"நெனப்புல நிக்கிறதைச் சொல்லுங்க."

தவசிலிங்கம் செருப்பிலிருந்து வலது காலை எடுத்துப் பார்த்தார். பெருவிரல் நகம் கன்றியிருந்தது.

"மாடு குறுக்க வந்து டிரைவர் பிரேக் போட்டாரே, அப்ப ஒரு பெரிய உடம்புக்காரர் அப்படியே என் மேல சரிஞ்சாரு. முழு எடையும் இந்தக் கால்மேலதான்."

"திட்டினீங்களா?"

"அவர் என்ன பண்ணுவாரு? பரவால்லைங்கன்னேன்."

"வேற?"

தவசிலிங்கத்தின் முகம் மாறியது.

"அனுமந்தன்பட்டியில பஸ் நின்னுச்சு பாருங்க. அங்க ஒருத்தன் எறங்குறப்ப விலாவுல விரல் மொழியால ஒரு குத்துக் குத்திட்டுப் போனான். வழி இருந்துச்சு மேடம். நான் ஒதுங்கித்தான் நின்னேன்."

"நல்லா வலிச்சுதா?"

"அதெல்லாம் வலியில்ல. லேசாத்தான்."

"நகம் போன கோவத்தைவிட அந்தக் கோவம் பெருசா இருந்துச்சே. சட்டையப் பிடிக்கப் போனீங்க. முன்னாடியிருந்து பாத்தேன்."

கரும்புச்சாறு வந்தது. பாதி குடித்ததும் அவர் முகம் தெளிந்தது. கணக்குக்கு விடை கண்டுபிடித்த மாணவன்போல நிமிர்ந்தார்.

"புரிஞ்சுருச்சு மேடம். பஸ் ஓடுறப்ப பட்டா விட்டுரணும். நின்ன பிறகு பட்டா ஊதணும். சரிதானே?"

"உங்க சட்டையில ரெண்டாவது பொத்தான் எங்க சார்?"

அவர் குனிந்து பார்த்தார். பொத்தானைக் காணோம். நூல் மட்டும் தொங்கியது.

"அந்தத் திராட்சைப் பெட்டி வெச்சிருந்த அம்மா," என்றார் மெதுவாக. "எறங்குறப்ப சட்டையைப் பிடிச்சு இழுத்துச்சு."

"பஸ் அப்ப ஓடுச்சா, நின்னுச்சா?"

"நின்னுதான் இருந்துச்சு."

"அப்ப ஊதிருவீங்களா?"

"இல்ல மேடம். அதுக்கெப்படி ஊதுறது?"

"ஏன்?"

தவசிலிங்கம் கிளாஸைக் கையிலேயே வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தார். சாறு பிழிகிறவர் கிளாஸுக்காகக் காத்திருந்தார்.

"அந்தம்மா என்னையப் பாக்கவே இல்ல," என்றார் கடைசியில். "படியைத்தான் பாத்துச்சு."

"குத்தினவன்?"

"அவன் முதல்ல என் மூஞ்சியப் பாத்தான். நான் ஒதுங்கி வழி விட்டதையும் பாத்தான். பாத்துட்டுத்தான்..."

"திரும்பிப் போற பஸ் வந்துருச்சு சார். ஏறுங்க," என்றார் பெனடிக்டா.

"இன்னும் ஒண்ணு கேக்கணும் மேடம்."

"ஏறிட்டுக் கேளுங்க."

ஏறிய பிறகு கூட்டம் இருவரையும் ஆளுக்கொரு பக்கம் தள்ளிவிட்டது. கேட்க முடியவில்லை. இறங்கும்போது என்ன கேட்க நினைத்தோம் என்பதும் மறந்துபோயிற்று.

அன்று மாலை ஆட்டத்தில் விசில் ஊதியதும் தவசிலிங்கம் பந்தைத் தேடவில்லை. இருபது வருஷமாகப் பந்து போகிற பக்கமே போய்ப் பழகிய கண். அதை இழுத்துப் பிடித்து ஆட்களின் முகத்தில் நிறுத்துவது, ஓடுகிற மாட்டைக் கயிற்றோடு பிடித்து நிறுத்துகிற மாதிரி இருந்தது. இரண்டொரு தடவை பந்து அவர் காலிலேயே வந்து முட்டியது. யாரோ சிரித்தார்கள். அவர் கண்ணை எடுக்கவில்லை. அந்த ஆட்டத்தில் அவர் ஒரு டெக்னிக்கலும் கொடுக்கவில்லை. கொடுக்க வேண்டியதும் எதுவும் நடக்கவில்லை.

இறுதி ஆட்டத்துக்கு பெனடிக்டா தன்னோடு நிற்கத் தவசிலிங்கத்தின் பெயரைச் சொன்னபோது சுருளிவேலுக்கு முகம் சுண்டிவிட்டது.

"உள்ளூர் டீம் ஆடுது மேடம். ஊரே வரும். அவரைப் போட்டு ஏடாகூடம் ஆயிருச்சுன்னா?"

"ஆகட்டும்," என்றார் பெனடிக்டா.

ஊரே வந்திருந்தது. சுவரில், வேப்பமரத்தில், பக்கத்து மாடிகளில் எல்லாம் தலை. உள்ளூர் அணிக்கு எதிரே நாசரேத்து அணி. எபனேசர் தையல் போட்ட உதட்டோடு இறங்கியிருந்தான். உதடு வீங்கி, ஒரு பக்கம் முகமே கோணலாகத் தெரிந்தது.

உள்ளூர் அணியின் உயிர் பிரதாப். அவன் பந்தைத் தொட்டாலே காலரி எழுந்து நிற்கும். கோபக்காரன். முதல் பாதியிலேயே ஒரு தீர்ப்புப் பிடிக்காமல் பந்தைக் காலால் உதைத்தான். பெனடிக்டா அவனுக்கு ஒரு டெக்னிக்கல் கொடுத்தார். இன்னொன்று வாங்கினால் ஆட்டத்தைவிட்டே வெளியே போக வேண்டும்.

மூன்றாம் பகுதியில் அது நடந்தது. பெனடிக்டா மறுகோடியில் விசில் ஊதினார். பந்து செத்தது. ஆனால் எபனேசர் அப்போது கூடையை நோக்கிப் பறந்துகொண்டிருந்தான். குறுக்கே பிரதாப் நின்றிருந்தான். மோதிய மோதலில் இருவரும் தரையில் உருண்டார்கள். பிரதாபின் முழங்கைத் தோல் உரிந்தது.

"டெக்னிக்கல்!" என்று காலரி முழுக்கக் கத்தியது. "வேணும்னே இடிச்சான்! ஊது!"

உள்ளூர்ப் பயிற்சியாளர் கோட்டைத் தாண்டி உள்ளே வந்துவிட்டார். தவசிலிங்கம் எபனேசரின் கண்ணைப் பார்த்திருந்தார். அது கூடையில் இருந்தது. மோதும் முன் ஒரு கணம், ஐயோ என்று விரிந்தது. கைகள் பிரதாபைத் தள்ளவில்லை, பிடித்துக்கொள்ளப் பார்த்தன.

அவர் இல்லை என்று உள்ளங்கையைக் காட்டினார்.

ஒரு தண்ணீர் பாக்கெட் வந்து அவர் தோளில் உடைந்தது. சட்டை நனைந்து ஒட்டிக்கொண்டது. துடைக்கவில்லை. விசிலை வாயில் வைத்துக்கொண்டு தன் இடத்துக்குப் போய் நின்றார்.

கடைசி நிமிஷம். உள்ளூர் அணி இரண்டு புள்ளி முன்னால். நாசரேத்தின் குட்டை ஆட்டக்காரன் ஒருவனைக் கையில் அடித்துவிட்டார்கள். பெனடிக்டா விசில் ஊதினார். கோட்டில் நின்று யாரும் மறிக்காமல் எறிகிற இரண்டு எறிதல் அவனுக்கு. பெனடிக்டா பந்தை எடுத்துக்கொண்டு கோட்டை நோக்கி நடந்தார். காலரியின் கண்ணெல்லாம் பந்தோடு போனது.

தவசிலிங்கம் ஆட்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பிரதாப் நடந்து வந்தான். எபனேசரைக் கடக்கும் இடத்தில் நடையைக் குறைத்தான். பெனடிக்டாவின் முதுகை ஒரு பார்வை பார்த்தான். பிறகு எபனேசரின் உதட்டைப் பார்த்தான். புன்னகையோடு விரல் நுனியால் அந்தத் தையல்மேல் ஒரு தட்டுத் தட்டினான். குழந்தையின் கன்னத்தைத் தட்டுவதுபோல, அவ்வளவு மெதுவாக.

எபனேசர் கண்ணை மூடிக்கொண்டான். முஷ்டி இறுகியது. கையைத் தூக்கவில்லை.

வேறு யாரும் பார்க்கவில்லை என்பது தவசிலிங்கத்துக்குத் தெரிந்தது. ஊதாவிட்டால் யாருக்கும் தெரியாது. ஊதினால் என்ன ஆகும் என்று சுவர்மேல் உட்கார்ந்திருக்கிற ஒவ்வொரு தலையும் சொல்லியது.

ஊதினார். இரண்டு கைகளையும் சேர்த்து டெக்னிக்கல் சைகையைக் காட்டினார். பிறகு பிரதாபின் எண்ணை விரலில் காட்டினார்.

மைதானம் இடிந்து விழுவதுபோல இருந்தது.

பிரதாப் வெளியே போனான். டெக்னிக்கலுக்குக் கிடைத்த ஓர் எறிதலை எபனேசரே எறிந்தான். விழுந்தது. குட்டை ஆட்டக்காரனின் இரண்டும் விழுந்தன. பிரதாப் இல்லாத உள்ளூர் அணி கடைசியாக எறிந்த பந்து வளையத்தைச் சுற்றிவிட்டு வெளியே வந்தது. நாசரேத் ஒரு புள்ளியில் ஜெயித்தது.

நடுவர்கள் இருவரையும் பள்ளியின் விளையாட்டுச் சாமான் அறையில் உட்காரவைத்துக் கதவைச் சாத்தினார்கள். வெளியே கூச்சல் ஓயவில்லை. நாற்காலிகள் உருளும் சத்தம் கேட்டது. சற்றுப் பொறுத்துக் கதவைத் தள்ளிக்கொண்டு சுருளிவேல் வந்தார். அவருக்குப் பின்னால் பிரதாப். அழுதிருந்தான்.

"சார்," என்றான். குரல் உடைந்திருந்தது. "அவன் என்னைத் தூக்கிப் போட்டு உருட்டினான். இந்தா பாருங்க, ரத்தம். அதுக்கு ஊதல. நான் விரலால தொட்டேன். தொட்டேன் சார், அவ்வளவுதான். அதுக்கு வெளிய அனுப்பினீங்க."

தவசிலிங்கம் எழுந்து நின்றார். பிரதாபின் முழங்கையைப் பார்த்தார். தோல் உரிந்து சிவந்திருந்தது.

"ஆமா தம்பி," என்றார்.

"ஆமாவா? அது எப்படி சார் நியாயம்?"

"நீ தொடுறதுக்கு முன்னாடி எங்க பாத்த?"

பிரதாப் முழங்கையை மறு கையால் மூடிக்கொண்டான். திரும்பி வெளியே போனான்.

சுருளிவேல் போகவில்லை. பெனடிக்டாவின் பக்கம் திரும்பினார்.

"மேடம், நீங்க தலைமை நடுவர். நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. நாங்க வெளிய போய் ஜனங்களுக்குப் பதில் சொல்லணும். அது டெக்னிக்கல்தானா?"

"சார் ஊதிட்டாரு," என்றார் பெனடிக்டா. "அதைப் போய்ச் சொல்லுங்க."

சுருளிவேல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். தலையை ஆட்டிக்கொண்டே போனார். கதவு சாத்திக்கொண்டது.

பெனடிக்டா பெஞ்சில் உட்கார்ந்து ஷூவின் நாடாவை அவிழ்க்கத் தொடங்கினார். முடிச்சு இறுகியிருந்தது. நகத்தால் நெம்பிக்கொண்டிருந்தார்.

தவசிலிங்கம் நின்றுகொண்டே இருந்தார்.

"மேடம்."

"சொல்லுங்க சார்."

"ஊரே எதுக்க நிக்குது. அதுகூடப் பரவால்ல. நீங்க சொல்லுங்க. நான் ஊதினது சரியா?"

"எனக்குத் தெரியாது."

"தெரியாதா? அவன் தட்டினதை நீங்க பாக்கலையா?"

"பந்தை எடுத்துக்கிட்டுக் கோட்டுக்குப் போயிட்டிருந்தேன் சார். திரும்பியே பாக்கல."

"ஏன் மேடம்? கடைசி நிமிஷம். அவன் எப்பேர்ப்பட்ட ஆளுன்னு உங்களுக்குத் தெரியும். ஏன் திரும்பிப் பாக்கல?"

முடிச்சு அவிழ்ந்தது. பெனடிக்டா நிமிர்ந்தார்.

"நீங்க பாத்துக்கிட்டிருந்தீங்களே."